டவர் ஃபுல்லா இருக்கு, நெட் ஏன் சுத்துது?

திருப்பூர் லைன் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "டவர் ஃபுல்லா காட்டுதுங்க, ஆனா நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க." கோபி பக்கத்துத் தோட்டத்து வீட்டில் தொல்லை வேறு மாதிரி. ரூட்டர் ஆசாரத்தில் (கூடத்தில்), கம்ப்யூட்டர் உள்ளறையில், நடுவே கனத்த மண்சுவர். இரண்டையும் 'நெட் ஸ்லோ' என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்று நெரிசல், இன்னொன்று சிக்னல் குறைவு. நெரிசலுக்கு, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை மாட்டினால் காசுதான் போகும், நெரிசல் இன்னும் கூடும்.

முதலில் கம்ப்யூட்டரை லேன் கேபிளால் ரூட்டரில் நேராகச் செருகி வேகத்தைப் பாருங்கள். அப்போதும் மெதுவாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் லைனில். வைஃபையை நோண்டிப் பயனில்லை. 100 எம்பிபிஎஸ் பிளானில் ஃபைல் இறங்கும் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 12.5 எம்பிதான் என்பதும் நினைவிருக்கட்டும். பிளானின் வேகத்தைப் பிட்டிலும் ஃபைலைப் பைட்டிலும் கணக்கிடுகிறார்கள், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

லைன் வீட்டுக்கு வருவோம். பழைய ரூட்டர்கள் பேசுவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதில் சேனல்கள், அதாவது ரூட்டர் பேசும் தடங்கள், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஆனால் ஒரு ரூட்டரின் சிக்னல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1, 6, 11 என்று மூன்று சேனல்தான் தேறும். வீட்டுக்கொரு ரூட்டர் என்று வரிசையாக இருக்கும் இடத்தில் மூன்று எந்த மூலைக்கு?

வைஃபை கருவி ஒவ்வொன்றும் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். அதே சேனலில் வேறு யாராவது பேசினால், அது பக்கத்து வீட்டு ரூட்டராகவே இருந்தாலும், காத்திருக்கும். வாய்க்கால் முறைத் தண்ணீர் போலத்தான் இது. கடைமடைக் காட்டுக்குப் போகும் தண்ணீர் மெலிந்துபோனால் அது நனைய நேரம் பிடிக்கும், அதுவரை மற்றவர்கள் நின்றாக வேண்டும். ரூட்டருக்குத் தொலைவில் சிக்னல் மங்கிய இடத்தில் வீடியோ பார்க்கும் ஒரு பழைய போன், அதே அளவு தகவலை வாங்கப் பல மடங்கு நேரம் எடுத்து, அருகிலிருக்கும் உங்கள் கம்ப்யூட்டரையும் இழுத்துப் பிடிக்கும். டவர் ஃபுல்லாக இருப்பது உங்கள் ரூட்டரின் குரல் பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

இதற்கு நல்ல மருந்து 5 ஜிகாஹெர்ட்ஸ். அங்கே சேனல்கள் அதிகம். சுவரைத் தாண்ட அது சிரமப்படும். அந்தக் குறையே லைன் வீட்டில் வரம், பக்கத்து வீட்டுச் சிக்னல் சுவரிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். விண்டோஸில் வைஃபை இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் எந்த பேண்ட் (அலைவரிசை), எந்த சேனல், ரூட்டரோடு பேசும் லிங்க் ஸ்பீடு எவ்வளவு என்று வரும். ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தும் அதன் வைஃபை பெயரே கம்ப்யூட்டரில் தெரியவில்லையென்றால், இரண்டு அலைவரிசையிலும் பேசும் டூயல் பேண்ட் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று போதும். லிங்க் ஸ்பீடு 54 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டாமல் முட்டி நின்றால் ரூட்டரின் செக்யூரிட்டியைப் பாருங்கள். டபிள்யூஇபி, டிகேஐபி என்ற பழைய முறைகளில் புதிய வேகங்கள் திறக்காது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்-க்கு மாற்றுங்கள்.

தோட்டத்து வீட்டில் இதெல்லாம் தலைகீழ். அக்கம்பக்கத்தில் ரூட்டர் இல்லாததால் நெரிசல் இல்லை. சுவரைத் தாண்ட 2.4-தான் உதவும். ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். ஆன்டெனாவை நட்டமாக நிறுத்துங்கள். அதன் நுனி காட்டும் திசையில் சிக்னல் மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் பரவும். ரிப்பீட்டர் மாட்டினால் சிக்னல் செத்த அறையில் வேண்டாம், நன்றாகக் கிடைக்கும் பாதி வழியில் மாட்டுங்கள். அதே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். வேகம் குறையக் கூடாதென்றால் லேன் கேபிள் இழுங்கள். கேட்-5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் தரும், அதன் 8 கம்பிகளும் சேர்ந்திருந்தால். 4 மட்டும் இணைத்திருந்தால் 100-தான். தோட்டத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெட்டவெளியில் இழுப்பதானால் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள். செம்புக் கேபிள் வழியாக இடி மின்னல் நேரத்தில் மின்வீச்சு ஏறி ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே எரித்துவிடக்கூடும்.