ஊருணி மண்ணைப் பித்தளைச் சல்லடையில் சலிக்காதீர்கள்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு இப்படிக் கெட்டுப்போன மண் வருவது இந்தக் கோடையில் இது மூன்றாவது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர். ஊருணியில் தூர் வாரிய வண்டலை வயலுக்கு அடிக்கலாமா என்று ஊரில் பேச்சு. உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "உங்களுக்கு வேலையே வைக்கலக்கா. காயவச்சு, இடிச்சு, சலிச்சு, மாவு மாதிரிக் கொண்டாந்துட்டேன்" என்று பையை நீட்டினார். எதில் காயவைத்தார், எதில் சலித்தார் என்று கேட்காமல் வாங்கியது என் தவறு.

செம்பும் துத்தநாகமும் எகிறின. செய்தி பரவி, ஆடுமாடுகளைக்கூட அந்தப் பக்கம் விடாதே என்றார்கள். பிறகுதான் விசாரித்தேன். காயவைத்தது துத்தநாகம் பூசிய தகரத்தில். இடித்தது இரும்புப் பூண் போட்ட உலக்கையால். சலித்தது ஆச்சிக்குச் சீராக வந்த பித்தளைச் சல்லடையில். ஈர மண்ணைத் திரும்ப எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். இரண்டும் சாதாரண அளவுக்கு இறங்கிவிட்டன.

"நல்லா வெளக்கின சல்லடைதானேக்கா?" எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். அழுக்கு போய்விட்டது, சரி. சல்லடையே பித்தளை ஆயிற்றே! கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில், மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு 7, பித்தளைக்குச் சுமார் 3. சலிக்கச் சலிக்க மணல் அரம்போல் சல்லடையை ராவும். 10 கிராம் மண்ணில் ஒரே ஒரு மில்லிகிராம் பித்தளைத் தூள் விழுந்தால் போதும்: கிலோவுக்குச் செம்பு 65 மில்லிகிராம், துத்தநாகம் 35 மில்லிகிராம் அளவில் கூடிவிடும். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எவர்சில்வர் துருப்பிடிக்காது, அதனால் பரவாயில்லை என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அதிலிருந்து குரோமியமும் நிக்கலும் வரும்.

மெஷின் கண்டுபிடித்துவிடும் என்று நம்பாதீர்கள். மண்ணை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலைத்தான் மெஷினில் அளக்கிறோம். மண்ணின் சிலிக்கேட் கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கும் உலோகத்தை நைட்ரிக் அமிலம் முழுதாகக் கரைக்காது. பித்தளைத் துகளை மிச்சமில்லாமல் கரைத்துவிடும். கரைந்தபின் எது ஊருணிச் செம்பு, எது சல்லடைச் செம்பு என்று எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. (ஆய்வகச் சல்லடைகளும் பித்தளையில் விற்கிறார்கள். ஆராய்ச்சி மாணவர்களே, வண்டலுக்கு 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடை வேண்டுமென்றால் நைலான் வலை வாங்குங்கள். உங்கள் ஓராண்டு உழைப்பு வீணாவதைப் பார்க்க மனம் தாங்கவில்லை.)

எடுக்கும் இடமும் முக்கியம். நம் ஊருணிப் படித்துறைகளில் தலைமுறை தலைமுறையாகப் புளி போட்டுப் பித்தளைப் பாத்திரம் துலக்கியிருக்கிறார்கள். பிள்ளையார் கரைத்த மூலையில் பெயின்ட் படிந்திருக்கும். அந்த இடங்களை அளக்க வேண்டுமென்றால் தனிப் பையில் எடுங்கள். ஊருணி மண் வேண்டுமென்றால் அவற்றைத் தள்ளி ஐந்தாறு இடங்களில் எடுத்துக் கலக்குங்கள். நாங்கள் அமிலத்தில் போடுவது அரை கிராம், ஒரு கிராம்தான். அது முழு ஊருணிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

மண்வெட்டியால் குழி வெட்டலாம். ஆனால் அது பட்ட பக்கத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டித் தள்ளிவிட்டு உள்மண்ணை எடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். பவுடர் போட்ட கையுறை வேண்டாம். பையில் ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், முடிச்சுப் போடுங்கள். ஊர், இடம், ஆழம், தேதியைப் பென்சிலில் எழுதுங்கள்.

தயவுசெய்து காயவைக்காதீர்கள். சித்திரை வெயிலில் தகரம் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும்; பாதரசம் ஆவியாகப் போகும். ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஈரமாக ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள்.

ஒரு கிலோ ஈர மண், புது பாலிதீன் பை, அவ்வளவுதான். காயவைப்பதும் அகேட் என்னும் கடினக் கல் உரலில் அரைப்பதும் எங்கள் வேலை. அந்த வேலையை எங்களுக்கு வையுங்கள், தம்பி.