"எ மை ஃபிரெண்ட்" ஏன் பிழை?

மாலையில் என் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு சாதாரண தரப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருவார்கள். போன கிழமை ஒரு பிள்ளை தன் கட்டுரையை "எ மை ஃபிரெண்ட் லிவ்ஸ் இன் கோண்டாவில்" என்று தொடங்கியிருந்தாள். "எ மை" இரண்டையும் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் கொப்பியைக் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ரீச்சர் பிழை? தமிழிலை 'என்ர ஒரு சிநேகிதி' எண்டு சொல்லுறம்தானே?"

நான் படித்த காலத்தில் இப்படிக் கேட்டால் "அது அப்பிடித்தான், பாடமாக்கு" என்பதே பதில். அந்தப் பதிலை நான் சொல்ல விரும்பவில்லை. ஆங்கில வசனத்தின் முக்கியமான பொறிமுறை ஒன்று அவளுடைய கேள்விக்குள் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருவில் படலை (வெளிவாசல் கதவு), பிறகு முற்றம், பிறகு வீடு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்தான் வீடு. பெயரடைகள் முற்றத்தில் நிற்பவை, எத்தனையும் நிற்கலாம். படலையில் மட்டும் ஒருவருக்குத்தான் இடம். "எ", "த", "திஸ்", "தட்", "மை", "யுவர்" எல்லாம் அந்த ஓரிடத்துக்கு உரியவை. "மை சைக்கிள்", "த சைக்கிள்", "திஸ் சைக்கிள்" ஒவ்வொன்றும் சரி. "த மை சைக்கிள்", "மை திஸ் சைக்கிள்" இரண்டும் பிழை. ஒன்று வந்து நின்றுவிட்டால் மற்றதுக்கு இடமில்லை.

"அப்ப 'மை அக்காஸ் சைக்கிள்' எப்பிடி வரும்?" என்று இன்னொருவன் கேட்டான். சைக்கிளின் படலையில் நிற்பது "மை அக்காஸ்" என்ற முழுத்தொடர். அந்தத் தொடருக்குள்ளே அக்காவுக்கென்று ஒரு சின்னப் படலை இருக்கிறது. "மை" நிற்பது அங்கேதான். "மை அக்காஸ் ஃபிரெண்ட்ஸ் சைக்கிள்" என்று இன்னும் நீட்டினாலும் ஒவ்வொரு படலையிலும் ஒருவர்தான்.

அந்த இடத்தில் நிற்கும் சொல்லுக்கு ஒரு கடமை இருக்கிறது. சொல்லப்படும் பொருள் எது என்று கேட்பவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை அதுதான் அறிவிக்க வேண்டும். "த" என்றால் உனக்குத் தெரிந்தது. "எ" என்றால் உனக்கு இப்போதுதான் அறிமுகமாகிறது. "மை" உடைமையோடு சேர்த்து "த" உடைய வேலையையும் தானே செய்துவிடுகிறது. ஆகவே "எ மை" என்னும்போது தெரியாது, தெரியும் என்று இரண்டு அறிவிப்புகள் ஒரே வாயிலிருந்து வருகின்றன. அதனால்தான் ஆங்கிலம் உடைமையைப் படலையிலிருந்து எடுத்து வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் வைக்கிறது: "எ ஃபிரெண்ட் ஒஃப் மைன்". தனியே நிற்க முடியாத "மை" அங்கே "மைன்" ஆகிறது, எங்களுடைய "என்", "என்னுடையது" ஆவதைப் போல.

தமிழில் இந்த நெருக்கடியே இல்லை. "ஒரு" அடிப்படையில் எண்ணுப்பெயர், "என்" வேற்றுமைப் பொருள் தரும் சொல், "அந்த" சுட்டு. "அந்த என்ர பழைய சைக்கிள்" என்று மூன்றையும் வரிசையாக வைத்தாலும் யாரும் நெற்றி சுருக்கமாட்டார்கள். இத்தாலிய மொழியும் இதில் எங்கள் பக்கம். "என் வீடு" என்பதற்கு அவர்கள் "லா மியா காசா" என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "த மை ஹவுஸ்". "உன் மியோ அமிக்கோ" என்றால் அப்படியே "எ மை ஃபிரெண்ட்". அந்தப் பிள்ளை எழுதியது அறிவுக்குப் பொருந்தாத ஒன்றல்ல. ஆங்கிலம் என்ற ஒரு மொழியின் வழக்கத்துக்குப் பொருந்தாதது, அவ்வளவுதான். இதை அவளிடம் சொன்னபோது முகம் மலர்ந்தது.

அடுத்தது "அக்காஸ்" என்பதிலுள்ள அந்த "ஸ்". பழைய ஆங்கிலத்தில் இது பல பெயர்ச்சொற்களோடு ஒட்டிய வேற்றுமை உருபு. பெயரடையும் சுட்டும்கூட அந்தக் காலத்தில் வேற்றுமைக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருமாறின. அவை தேய்ந்து போயின. "ஸ்" மட்டும் மிஞ்சி, வேலையை மாற்றிக்கொண்டது. இன்று அது ஒட்டுவது முழுத்தொடரின் கடைசியில். "த கிங் ஒஃப் இங்லண்ட்ஸ் கிரௌன்" என்பதில் "ஸ்" இங்லண்ட் மேல் இருக்கிறது. முடியோ மன்னருடையது. தமிழில் "இங்கிலாந்து மன்னரின் முடி" என்று தலைச்சொல் (தொடரின் முக்கியப் பெயர், இங்கே மன்னர்) எப்போதும் தொடரின் கடைசியில் வருவதால், உருபு எதில் ஒட்டுகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. அடைகள் பெயருக்குப் பின்னாலும் வரும் ஆங்கிலத்தில்தான் இந்த வேறுபாடு கண்ணில் படுகிறது.

இந்த உருபை உடைமை என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போதாது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஆறாம் வேற்றுமைக்குத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு பொருள் சொன்னார். என் கை என்னிலிருந்து பிரியாதது, தற்கிழமை. என் புத்தகம் பிரியக்கூடியது, பிறிதின்கிழமை. நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதிய நூல் அது. "மை ஹாண்ட்", "மை புக்" இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும் ஆங்கிலத்தை விளக்க எனக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை.

முற்றத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் "இந்த மூண்டு பெரிய மாம்பழத்தையும் தாங்கோ" என்கிறோம். சுட்டு, எண், அடை, பெயர். ஆங்கிலமும் "தீஸ் த்ரீ பிக் மேங்கோஸ்" என்று அதே வரிசைதான். 30 மொழிகளை ஒப்பிட்டு 1963இல் கட்டுரை வெளியிட்ட மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க், இவை மூன்றும் பெயருக்கு முன்னால் வந்தால் இந்த வரிசையில்தான் வரும் என்று எழுதினார். பெயரடைகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. பார்ப்பவரின் அபிப்பிராயம் தூரத்தில், பிறகு அளவு, வயது, நிறம். எதனால் செய்தது என்பது பெயரை ஒட்டி. "எ லவ்லி ஓல்ட் வுடன் பொக்ஸ்" என்பதில் பெட்டியிலிருந்து பிரிக்கவே முடியாத மரம் அதன் பக்கத்தில் நிற்கிறது. அழகு என்பது ஆளுக்கு ஆள் மாறும், அது தள்ளி நிற்கிறது. இந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவதில்லை.

சில அடைகள் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே போய்விடும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எடுங்கள். வெட்டினால் உள்ளே செம்மஞ்சள் சதை. "கறுத்த" என்பது நிறம் சொல்லும் வேலையை விட்டுவிட்டுப் பெயரின் உறுப்பாகிவிட்டது. "பெரிய கறுத்தக்கொழும்பான்" என்போம். நடுவில் "பெரிய" போட முடியாது. "பிளாக்போர்ட்" அதே மாதிரி. பச்சை நிறத்தில் இருந்தாலும் அது பிளாக்போர்ட்தான். காதாலும் பிரித்தறியலாம்: பள்ளிக்கூடத்துப் பலகை என்றால் அழுத்தம் "பிளாக்" மேல் விழும், ஏதோ ஒரு கறுப்புப் பலகை என்றால் "போர்ட்" மேல் விழும்.

உடைமையும் இப்படிப் பெயரோடு நெருங்கிப் போவதுண்டு. அதைக் காட்ட நான் கரும்பலகையில் "திஸ் கேர்ள்ஸ் கொலிஜ்" என்று எழுதினேன். கேர்ள்ஸ் பன்மை. ஒருமையான "திஸ்" அதோடு சேராது; தாண்டிப்போய் கொலிஜைத்தான் பிடிக்கும். அப்படியென்றால் படலையில் நிற்பது "திஸ்". "கேர்ள்ஸ்" முற்றத்துக்குள் வந்து, என்ன வகைக் கல்லூரி என்று சொல்லும் அடையாகிவிட்டது. "தீஸ் கேர்ள்ஸ் கொலிஜ்" என்று மாற்றினால் கதை வேறு: இந்தப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி. படலையில் இப்போது "தீஸ் கேர்ள்ஸ்" இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். "மகளிர் கல்லூரி" என்ற தமிழில் உருபே இல்லாததால் இந்தச் சோதனையைத் தமிழில் செய்ய முடியாது.

கேள்வி கேட்ட பிள்ளை நடுவில் "ஓல்ட்" என்ற சொல்லைச் சேர்த்து எழுதச் சொன்னாள். அவளுடைய அம்மா ஒரு ஓல்ட் கேர்ள்ஸ் அசோசியேஷனில் (பழைய மாணவிகள் சங்கத்தில்) இருக்கிறா. "திஸ் ஓல்ட் கேர்ள்ஸ் கொலிஜ்" என்று எழுதினேன். பழையது கல்லூரியா, பிள்ளைகளா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரியைச் சொன்னால் பழையது கல்லூரி. "கொலிஜ்" இடத்தில் "அசோசியேஷன்" போட்டு அம்மாவின் சங்கத்தைச் சொன்னால், சங்கம் போன வருடம் தொடங்கியதாக இருந்தாலும் பழையவர்கள் மாணவிகள். "பழைய மாணவர் சங்கம்" என்று தமிழில் எழுதினாலும் அதே இரட்டைப் பொருள் அப்படியே இருக்கிறது என்பதை நான் சொல்லமுன்னம் அவளே சொன்னாள்.