வெள்ளிக்கிழமை டெஸ்ட், வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மட்டும் இருந்தால் போதாது

அட்வான்ஸ்டு பாடங்கள் எடுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்வது என் தொழில். "மார்க் திடீர்னு இறங்கிடுச்சு, கொஞ்சம் பாருங்க" என்று பெற்றோர் அழைத்து வரும் பிள்ளைகளில் பாடமே புரியாதவர்கள் குறைவு. பெரும்பாலோர் கதை வேறு. லேப் ரிப்போர்ட்டை எழுதி முடித்திருப்பார்கள், பதிவேற்ற மறந்திருப்பார்கள். கணக்குகள் போடத் தெரியும். ஆனால் போட உட்கார்ந்தது முதல் நாள் இரவு பத்து மணிக்கு.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே இது நடக்கிறது என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கீழ் வகுப்புகளில் அன்றைய வேலை அன்றோடு முடிந்துவிடும், ஆசிரியரும் நாலு முறை நினைவூட்டுவார். எதையும் எழுதி வைக்காமலே முதல் மார்க் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு எழுதி வைக்கும் பழக்கம் எப்படி வரும்? தேவையே இருந்ததில்லையே.

அட்வான்ஸ்டு வகுப்பில் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி (Advanced Placement) பாடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலஸ் AB பாடத்தில் 8 அலகுகள், வேதியியலில் 9, அமெரிக்க வரலாற்றில் 9. இந்த மூன்றையும் சேர்த்து எடுக்கும் மாணவருக்கு மொத்தம் 26 அலகுகள், எல்லாமே மே மாதத் தேர்வுக்கு முன் முடிந்தாக வேண்டும். அலகுக்கு ஒரு டெஸ்ட் என்றால்கூட, விடுமுறைகளைக் கழித்துப் பார்க்கும்போது கிட்டத்தட்ட வாரம் ஒரு பெரிய டெஸ்ட். ஒவ்வோர் ஆசிரியரும் தன் பாடத்தை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பதால் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று வந்து விழுவதும் உண்டு. ஐபி (International Baccalaureate) டிப்ளமோ என்ற பன்னாட்டுப் படிப்பில் ஆறு பாடங்களோடு 4,000 சொல் வரை போகும் நீள் கட்டுரை வேறு. பெயர்தான் வேறு வேறு, நெருக்கடி ஒன்றுதான்.

"டைரி எழுதுறியா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்று எடுத்தும் காட்டுவார்கள். அதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். திங்கள் கட்டத்தில் 'கால்குலஸ் ஹோம்வொர்க்', வியாழன் கட்டத்தில் 'லேப் ரிப்போர்ட்', வெள்ளி கட்டத்தில் 'கெமிஸ்ட்ரி டெஸ்ட்'. செவ்வாயும் புதனும் காலி. தேதிகள் எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்? இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றுதான். வியாழன் ரிப்போர்ட்டுக்கும் வெள்ளி டெஸ்ட்டுக்கும் வேலை நடக்க வேண்டிய நாட்களே செவ்வாயும் புதனும்தான்.

அதனால் நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான். ஒப்படைக்கும் நாளை எழுதுங்கள், கூடவே உட்காரும் நாளையும் எழுதுங்கள். இரண்டில் உட்காரும் நாளே முக்கியம்.

ஒரு மாணவியோடு உட்கார்ந்து மாற்றி எழுதிய வாரத்தைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் 'கெமிஸ்ட்ரி படி' என்று மட்டும் இருந்தது. படி என்றால் எதை, எவ்வளவு, எது முடிந்தால் முடிந்தது? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அதைப் பிரித்தோம். ஞாயிறு: பழைய க்விஸ் தாள்களில் தப்பான கேள்விகளை மட்டும் குறித்தல், 20 நிமிடம். செவ்வாய்: டைட்ரேஷன் (கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை) கணக்கு ஆறு, புத்தகத்தை மூடிவிட்டு, 45 நிமிடம். புதன்: லேப் ரிப்போர்ட்டின் கணக்கீட்டுப் பகுதி, அதுவும் டைட்ரேஷன்தான் என்பதால் டெஸ்ட்டுக்கும் அதுவே பயிற்சி. வியாழன்: செவ்வாயன்று தடுமாறிய கணக்குகளை மறுபடி, அரை மணி. அவ்வளவுதான். புதிதாக ஒரு நிமிடமும் கூட்டவில்லை. வியாழன் இரவு மூன்று மணி நேரம் முட்டி மோதுவதாக இருந்தது, நாலு துண்டாகி வாரம் முழுக்கப் பரவியது.

இப்படிப் பரப்பி, புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டுப் பார்ப்பது சௌகரியத்துக்காக மட்டும் அல்ல. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தபின் ஒரு சாரார் அதையே திரும்பப் படித்தார்கள், மறு சாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். முதல் நாள் இரவு நோட்ஸைப் புரட்டும்போது 'எல்லாம் தெரியுது' என்று தோன்றுவதற்கும், கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நின்றுபோவதற்கும் காரணம் இதில் இருக்கிறது. டெஸ்ட்டை ஹோம்வொர்க் மாதிரி ஒரே வரியில் எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான்.

அடுத்து, நிமிடக் கணக்கு. எந்த வேலைக்கும் பிள்ளைகள் சொல்லும் நேரம் குறைவாகத்தான் இருக்கும். பெரியவர்கள் மட்டும் என்னவாம்? 1994இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மதிப்பிட்ட பல்கலைக்கழக மாணவர்களுக்கு உண்மையில் 55 நாள் ஆனது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள்: நினைத்த நேரம், ஆன நேரம். மூன்று வாரம் எழுதினால் போதும். 'வரலாற்று வாசிப்பு எனக்கு எப்பவும் ஒன்றரை மடங்கு இழுக்குது' என்று பிள்ளையே சொல்லும். நான் சொன்னால் அது அறிவுரை, தானே கண்டுபிடித்தால் தகவல்.

எந்த ஆப் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. காகிதமோ போனோ, ஒரே இடமாக இருந்தால் சரி. ஓர் ஆசிரியர் கூகுள் கிளாஸ்ரூமில் போடுவார், இன்னொருவர் பலகையில் எழுதுவார், மூன்றாமவர் மணி அடித்த பிறகு வாசலில் நின்று சொல்வார், மீதி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரும். பள்ளியின் ஆன்லைன் போர்ட்டலில் எல்லாம் இருக்கிறது என்று நம்பும் பிள்ளைதான் அதிகம் மாட்டுகிறது, ஏனென்றால் வாயால் சொன்னது அங்கே ஏறாது. வாரத்துக்கு ஒரு முறை எல்லா இடத்தையும் துழாவி ஒரே தாளுக்குக் கொண்டுவர இருபது நிமிடம் போதும். அப்புறம் தினமும் வகுப்பு முடிந்ததும் ஒரு வரி.

அந்த 11:59 ஒரு தனித் தொல்லை. ஆன்லைனில் ஒப்படைக்கும் வேலைகளுக்கு இரவு 11:59 என்று கெடு இருக்கும். பிள்ளை அதை 'வியாழன் ராத்திரி வேலை' என்று மனதில் பதித்துக்கொள்கிறது. மறுநாள் காலையில் டெஸ்ட் இருப்பது அப்போது கணக்கில் வராது. தாளில் எழுதும்போது 11:59ஐ அப்படியே எழுத வேண்டாம், மாலை 7 என்று எழுதச் சொல்கிறேன். டிக்கும் இரண்டு போட வேண்டும்: செய்து முடித்ததற்கு ஒன்று, ஒப்படைத்ததற்கு ஒன்று.

பெற்றோருக்கு ஒரு விஷயம். போர்ட்டலில் மார்க்கை மணிக்கொரு தரம் பார்ப்பதைக் கண்காணிப்பு என்று நினைக்காதீர்கள். அங்கே தெரிவது போன வாரம். "எல்லாம் முடிச்சாச்சா?" என்று கேட்டால் "முடிச்சாச்சும்மா" என்பதுதான் பதில், தாளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். "இந்த வாரம் எந்த நாள் ரொம்ப நெருக்கடி?" என்று கேட்டுப் பாருங்கள். தாளை எடுக்காமல் பதில் சொல்ல முடியாது. அந்தத் தாளை நீங்கள் எழுதிக் கொடுக்கவும் கூடாது. அம்மா எழுதிய அட்டவணை இரண்டே வாரத்தில் சுவரில் தொங்கும் படமாகிவிடுவதை நிறைய வீடுகளில் பார்த்தாயிற்று.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நேரம் போதவில்லை என்றால்? அப்போது கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. தூக்கம், பள்ளி, பயணம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் போக ஒரு நாளில் மூன்று மணி நேரம் மிஞ்சுகிறது என்று வையுங்கள். தாளில் 'ஆன நேரம்' எண்களைக் கூட்டினால் தொடர்ந்து நாலரை மணி என்று வந்தால், அந்த ஒன்றரை மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் போகிறது. இங்கே திட்டமிடல் குறை எதுவும் இல்லை, சுமைதான் அதிகம். மூன்று நாலு வாரத் தாள்களை எடுத்துக்கொண்டு பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். "ரொம்ப கஷ்டமா இருக்கு" என்று வெறுமனே சொல்வதைவிட, எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று காட்டினால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். ஒரு கெடுவைத் தள்ளிப்போட முடியலாம், பாடத்தைச் சாதாரண நிலைக்கு மாற்ற முடியலாம். பாடத்தை விடுவதற்குப் பல பள்ளிகளில் ஒரு கடைசித் தேதி வைத்திருப்பார்கள். உங்கள் பள்ளியில் அது எப்போது என்று பருவம் தொடங்கும்போதே கேட்டு, முதல் வாரத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.