ஊரில் தொழில் தொடங்க 35 சதவீத மானியம்: சென்னையிலிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் எங்கே மாட்டுகிறார்கள்

அம்பத்தூரில் பல வருடம் லேத் ஓட்டிய ஒருவர், கமுதிப் பக்கம் உள்ள தன் ஊருக்குத் திரும்பி மிளகாய்த்தூள் யூனிட் போட முடிவு செய்தார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விளைகிற இடத்திலேயே அரைத்து பாக்கெட் போட்டால் ஊரில் நாலு பேருக்கு வேலை கொடுக்கலாம் என்று நினைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் மானியக் கடன் எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, கைக்காசில் அரவை மெஷினை முதலிலேயே வாங்கிப் போட்டுவிட்டார். வங்கிக்குப் போனதும், "இது புதுத் தொழிலுக்கான திட்டம், நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள்" என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார்கள். மெஷின் இன்னும் தார்ப்பாய் போர்த்தியபடி கிடக்கிறது. அவரிடம் இதை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திட்டத்தின் பெயர் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். பி.எம்.இ.ஜி.பி. என்றால்தான் வங்கியில் புரியும். மத்திய அரசு 2008-இல் தொடங்கியது. உற்பத்தித் தொழில் என்றால் 50 லட்சம், சேவைத் தொழில் என்றால் 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு மானியம் உண்டு. வயது 18 முடிந்திருக்க வேண்டும். வருமான உச்சவரம்பு கிடையாது. உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல், சேவையில் 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். 2025-26 வரைக்கும் என்று நீட்டிக்கப்பட்ட திட்டம் இது. அதனால் எதையும் செய்வதற்கு முன், புதிய விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

இப்போது சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு. பத்து லட்ச ரூபாய் யூனிட்டைப் பொதுப்பிரிவு ஆண் ஒருவர் சென்னையில் போட்டால் மானியம் 15 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம். கையிலிருந்து ஒரு லட்சம் போட வேண்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் போன்ற சிறப்புப் பிரிவினருக்குச் சென்னையில் 25 சதவீதம். சென்னை முழுக்க மாநகராட்சி என்பதால் கிராமப்புற விகிதம் இங்கே யாருக்கும் வராது. அதே யூனிட்டை ராமநாதபுரம் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் போட்டால் மானியம் 35 சதவீதம், மூன்றரை லட்சம். கைப்பணம் 50 ஆயிரம் போதும். காரணம், முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு அறிவித்த பட்டியலில் தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் இருக்கின்றன. அங்கே தொழில் தொடங்கும் பொதுப்பிரிவினரும் சிறப்புப் பிரிவாகவே கணக்கில் வருவார்கள். இது விதியிலேயே இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் பொதுப்பிரிவின் கிராமப்புற விகிதமான 25 சதவீதம் என்று போட்டால், விதியைக் காட்டி மாற்றச் சொல்லுங்கள்.

ஊர் எது, நகரம் எது என்பதில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். பரமக்குடி நகராட்சி எல்லைக்குள் ஷெட் பிடித்தால் நகர்ப்புற விகிதம். எல்லையைத் தாண்டி அடுத்த ஊராட்சியில் பிடித்தால் கிராமப்புற விகிதம். பத்து லட்சத்தில் இந்த வித்தியாசம் ஒரு லட்சம். வாடகை ஒப்பந்தம் போட்ட பிறகு இது தெரிந்து பயனில்லை. கிராமப்புறச் சான்றிதழ் எப்படியும் கேட்பார்கள், அதை முதலில் வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பேரூராட்சியாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் கிராமம்தான் சார்" என்று சொன்னதை நம்பாதீர்கள்.

அடுத்து அலைச்சல். சென்னையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கிண்டியில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறார்கள். தொழில் ராமநாதபுரத்தில் என்றதும் அங்கே போகச் சொல்கிறார்கள். ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறிப் போனால், ஆதார் அட்டையில் சென்னை முகவரி இருப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயே திருப்பி அனுப்புகிறார்கள். இப்படி மூன்று முறை போய் வந்தவரை எனக்குத் தெரியும். மூன்று நாள் சம்பளம் போனது, டிக்கெட் காசு தனி. விண்ணப்பம் ஆன்லைனில்தான். அதில் யூனிட் முகவரிக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. யூனிட் எந்த மாவட்டத்திலோ, அந்த மாவட்ட மையத்தைத் தேர்ந்தெடுங்கள். வங்கியும் அப்படித்தான். சம்பளக் கணக்கு இருக்கிற சென்னைக் கிளையைப் போட்டால், "எங்கள் எல்லைக்குள் வராது" என்று திரும்பிவிடும். யூனிட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளையைப் போடுங்கள். போடுவதற்கு முன் ஒருமுறை மேலாளரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி., உத்யம் என்கிற சிறுதொழில் பதிவெல்லாம் ஆர்வத்தில் முன்கூட்டி எடுக்காதீர்கள். மெஷின் வாங்கியவருக்குச் சொன்ன அதே பதிலை உங்களுக்கும் சொல்ல அது இடம் கொடுத்துவிடும். வேறு மத்திய, மாநிலத் திட்டத்தில் மானியம் வாங்கிய தொழிலுக்கும் இது கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், குடும்பம் என்றால் கணவன், மனைவி. கணவர் வாங்கியிருந்தால் மனைவிக்கு வராது. அண்ணன் வாங்கியிருந்தால் தம்பிக்குத் தடை இல்லை, இதைத் தப்பாகச் சொல்லித் தம்பிமாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

இடைத்தரகர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "35 சதவீதம் மானியம், நாங்களே முடித்துத் தருகிறோம்" என்ற நோட்டீஸ் சென்னையில் பஸ் ஸ்டாப் தோறும் ஒட்டியிருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. மாதிரித் திட்ட அறிக்கைகளை, இந்தத் திட்டத்தை நடத்தும் கதர் கிராமத் தொழில் ஆணையமே இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. தரகரிடம் கொடுத்தால் தன் கைப்பேசி எண்ணையே பதிவு செய்துவிடுவார், அப்புறம் வங்கியிலிருந்து வருகிற தகவல் எதுவும் உங்களுக்கு வராது. ஒரு பெண்ணின் விண்ணப்பம் "விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை" என்ற காரணத்தோடு திரும்பியிருந்தது. வங்கி கூப்பிட்டதே அவருக்குத் தெரியாது. தரகர் எண்ணாக இல்லாவிட்டாலும் இதே காரணத்தைப் போட்டுத் தள்ளிவிடுகிற கிளைகள் உண்டு. வாரம் ஒருமுறை திட்டத்தின் இணையதளத்துக்குள் போய் விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள். அப்படிப் போட்டிருந்தால் அன்றைக்கே வங்கிக்கும் தொழில் மையத்துக்கும், எனக்கு விருப்பம் இருக்கிறது என்று எழுதி ஒப்புகை வாங்குங்கள்.

10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இருந்தும் "வீட்டுப் பத்திரம் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். சண்டை போட வேண்டாம். அதை எழுத்தில் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு மாறிவிடும்.

கடன் கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். மானியம் உங்கள் கைக்கு வராது. உங்கள் பெயரில் மூன்று வருட டெபாசிட்டாக வங்கியிலேயே கிடக்கும். அதற்கு வட்டி தர மாட்டார்கள், அதே அளவு கடனுக்கு உங்களிடம் வட்டி வாங்கவும் கூடாது. நம்முடைய ராமநாதபுரம் உதாரணத்தில் கடன் ஒன்பதரை லட்சம், மானியம் வந்த நாளிலிருந்து வட்டி ஆறு லட்சத்துக்குத்தான். முழுத் தொகைக்கும் வட்டி போட்டுக்கொண்டே போன கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்டேட்மென்ட் வாங்கி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நடைமுறை மூலதனமாக, அதாவது சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்காக, வங்கி ஒதுக்கிய கடன் வரம்பைத் தொடாமல் வைத்திருக்கவும் கூடாது. மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது அந்த வரம்பு முழுவதும் பயன்பட்டிருக்க வேண்டும், சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த விகிதத்தில் மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடம் முடிந்ததும் யூனிட்டை நேரில் பார்க்க வருவார்கள், அதன் பிறகுதான் மானியம் கடனில் கழியும். பெயர்ப்பலகை, மெஷின் பில், மின் கட்டண ரசீது எல்லாம் யூனிட்டிலேயே இருக்கட்டும், சென்னை வீட்டு அலமாரியில் வேண்டாம். தானாகக் கழித்துக்கொள்வார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மூன்று வருடம் முடிகிற மாதமே வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.