மஞ்சப்பையில் மூன்று பெயின் கில்லர்

"தம்பி, முட்டி வலிக்கு ரெண்டு செட் போடு." எங்கள் மருந்துக் கடையில் இதைக் கேட்காத நாளில்லை. டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றால், "பெயின் கில்லர்தானே, அதுக்கு எதுக்குச் சீட்டு?" என்பார்கள்.

அந்தப் பெயர்தான் ஏமாற்றுகிறது. பெயின் என்றால் வலி, கில்லர் என்றால் கொல்வது. வலி போனால் நோயும் போயிற்று என்று நினைத்துவிடுகிறோம். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன. அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது. முட்டியில் மட்டும் வேலை செய் என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாதே.

நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது இந்த டைக்ளோஃபெனாக்கால்தான். ஊசி போட்ட மாட்டின் சடலத்தைத் தின்று, சிறுநீரகம் செயலிழந்து போயின. 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. மனித உடல் அதைத் தாங்கும், ஆனால் நாள் கணக்கில் அல்ல.

போன வருடம் ஓர் அக்கா, கால் வீங்குகிறது என்று வந்து மஞ்சப்பையைக் கவிழ்த்தார். மூன்று கடைகளில் வாங்கிய மூன்று அட்டைகள், மூன்று நிறம், மூன்று பெயர். பெயருக்குக் கீழே பொடி எழுத்தைப் படித்தால் மூன்றிலும் அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. கூடவே பிபி மாத்திரை, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை. சில பிபி மாத்திரைகளும் நீர் மாத்திரையும் பெயின் கில்லரோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் பெரிய அடி. அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தத்தில் கிரியேட்டினின் 2.1. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, இருக்க வேண்டியதைவிட அதிகம். பெயின் கில்லரை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அப்புறம், மழைக்காலக் காய்ச்சலுக்கு உடம்பு வலி என்று இதைப் போடவே கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆகலாம். அளவோடு பாராசிட்டமால் போதும்.

செட்டாக வாங்கும்போது காகித உறையில் வெட்டிப் போட்ட துண்டில் மருந்தின் பெயர்கூட இருக்காது. முழு அட்டையாகக் கேளுங்கள். பொடி எழுத்து தெரியவில்லையென்றால் எங்களையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.