மின்வேலையில் முன்பழக்கம்: அப்ரண்டிஸ் சட்டம் எதைக் கணக்கில் எடுக்கிறது?

மாமாவோடு நான்கு வருடம் ஒயரிங் வேலைக்குப் போன பையன், அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) ஒரு நிறுவனத்தில் சேரும்போது பயிற்சிக் காலத்தில் அந்த வருடங்களைக் கழித்துக்கொள்வார்களா என்று கேட்பான். கழிக்கமாட்டார்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் மதிப்பது அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பெற்ற பயிற்சியைத்தான்.

ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) எலக்ட்ரீஷியன் பிரிவு 2 ஆண்டுப் படிப்பு. கணிதம், அறிவியலுடன் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அதை முடித்தவர் அப்ரண்டிஸாக நேரே பணியிடப் பயிற்சிக்குப் போகலாம். ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காதவரும் அப்ரண்டிஸாகச் சேரலாம். ஆனால் பணியிடத்தில் நுழையும் முன் அடிப்படைப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 9ஆம் பிரிவு.

தெரிந்த வேலையை மறுபடி கற்பதா என்று சலிப்பு வரலாம். எனக்கு இந்த விதி நியாயமாகவே படுகிறது. வெளியில் பழகியவர்கள் பலர் ஒயரின் உறையை உரிக்கக் கத்தியை நெட்டாக வைத்துச் சுற்றி அறுப்பார்கள். தாமிரத்தில் மெல்லிய கீறல் விழும். பின்னாளில் கம்பி அங்கேதான் ஒடியும். பென்சில் சீவுவதுபோல் கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் கீறல் விழாது. டெஸ்டர் எரியவில்லை என்றதும் கை வைப்பது இன்னொரு பழக்கம். டெஸ்டரே கெட்டிருந்தால்? மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் அதை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். இத்தகைய கைப்பழக்கங்களைத் திருத்திக்கொள்ள அடிப்படைப் பயிற்சிதான் இடம்.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். குறைந்தபட்ச வயது 14. ஆபத்தான தொழில்கள் சார்ந்த பிரிவுகளுக்கு 18.

கையில் வரும் பணம் சம்பளமல்ல, மாத உதவித்தொகை. தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் அதில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. ‘பாயிண்டுக்கு இவ்வளவு’ என்று வீட்டு ஒயரிங்கில் பேசுகிற கணக்கு இங்கே செல்லாது. அப்ரண்டிஸுக்குச் செய்த வேலையின் அளவை வைத்துப் பணம் தருவதைச் சட்டமே தடுக்கிறது. வேலையில் அடிபட்டால் தொழிலாளிக்குரிய இழப்பீடு உண்டு. பயிற்சி முடிந்ததும் அதே இடத்தில் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது.

இவற்றையெல்லாம் கேட்டுப் பெற, நிறுவனத்தோடு போட்ட பயிற்சி ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சேரும் நாளிலேயே அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.