பெரியம்மாவும் கேட்ட மெற்றல்

1993 அளவில், கொக்குவிலில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் ஒரு சைக்கிள் எப்போதும் தலைகீழாக நிற்கும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் பிளேயருக்குக் கொடுப்போம். நான் பெடலைக் கையால் சுற்ற வேண்டும், அண்ணை பாட்டுக் கேட்பார். கை சோர்ந்தால் பாட்டு இழுபடும். "சுத்தடா!" என்பார்.

அவரிடம் மெற்றாலிக்கா என்ற அமெரிக்க மெற்றல் இசைக்குழுவின் இரண்டு கசெற்றுகள் இருந்தன. ஒன்று 1988இல் வந்த இசைத்தொகுப்பு. மற்றது 1991 ஓகஸ்ற்றில் வந்த, எல்லாரும் 'கறுப்பு அல்பம்' என்று சொல்வது. முதலாவதைப் போட்டால் பெரியம்மா குசினிக்குள் இருந்து, "தகரத்தில அடிக்கிற மாதிரிக் கிடக்கு, நிப்பாட்டு" என்பார். இரண்டாவதைப் போட்டால் பேசாமல் தேங்காய் திருவுவார். ஒருநாள், "இது கேக்கலாம்" என்றே சொல்லிவிட்டார். அண்ணைக்கு அதுதான் ஆத்திரம். "ஆக்களுக்குப் பிடிக்கவேணும் எண்டு இறங்கிப் போட்டாங்கள்" என்று புறுபுறுப்பார்.

உண்மையில் அவர்கள் இறங்கினார்களா? ஒலியை வைத்தே பார்ப்போம்.

மெற்றல் கிற்றாரின் கரகரப்பு, சத்தம் கூடுவதால் மட்டும் வருவதில்லை. அம்பிளிபயரால் தாங்க முடியாத அளவுக்குக் கிற்றாரின் மின்சைகையைக் கொடுத்தால், அலையின் மேல்முகடும் கீழ்முகடும் வெட்டுப்படும். உருண்டையாக இருந்த அலை சதுரமாகும்போது, வாசித்த சுரத்துக்கு மேலே மேற்றொனிகள் வரிசையாக முளைக்கும். இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் இன்னொன்றும் நடக்கும்: அவற்றின் மீடிறன்களுக்கு (தமிழ்நாட்டில் இதை அதிர்வெண் என்பார்கள்) இடையிலான வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும்.

ஆகவேதான் மெற்றல்காரர் பெரும்பாலும் முழுக் கோர்ட்டை (மூன்று, நான்கு சுரங்களின் கூட்டு) விட்டுவிட்டு இரண்டே சுரங்களை வைத்துக்கொள்கிறார்கள். நம் சங்கீதத்தில் சொன்னால் 'ச'வும் 'ப'வும், தம்புராவில் மீட்டுகிற அதே சோடி. 'ச' 110 ஹேர்ட்ஸ் என்றால் 'ப' 165. வித்தியாசம் 55, அதாவது 'ச'வுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத அந்த அடிச்சுரம் தானாகவே வந்து நிற்கிறது. நடுவில் காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். கிற்றார் கட்டையில் அது 138.6 ஹேர்ட்ஸில் விழும். வித்தியாசங்கள் ஏறக்குறைய 28.6, 26 என்று வந்து, ஒன்றோடொன்று உரசிக் கலங்கலாகும். எனக்கு இந்தக் கணக்கைப் பார்க்க இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, இந்தக் கரகரப்பு இரண்டு கசெற்றிலும் இருந்தது. மாறியது அதைச் சுற்றியிருந்த இடைவெளி.

இதை விளங்கிக்கொள்ள நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் போதும். இணுவில், அளவெட்டித் தவில்காரர் விரலில் கூடு மாட்டி அதிவேகத்தில் வாசிக்கும்போது, பக்கத்தில் நின்றால் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்கும். மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் போனால், சுவரில் பட்டு வரும் எதிரொலி சொற்களை ஒட்டவைத்துவிடும். அதே கை காலத்தைக் குறைத்து ஒரே ஒரு அடி போட்டால், அது கடைசித் தூணிலும் நெஞ்சில் இடிக்கும். ஒரு அடி கனமாகக் கேட்க, அடுத்த அடி கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 180 தாளம், தாளத்துக்கு நான்கு அடி என்றால் விநாடிக்கு 12 அடி. முன்னதன் ரீங்காரம் அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். கறுப்பு அல்பத்தின் முதற்பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 123 தாளத்தில் போகிறது, மனிதர் நடக்கும் வேகத்துக்குக் கிட்ட. கேட்பவரின் கால் தானாகவே ஆடும்.

அடிச்சுரங்களை வாசிக்கிற பேஸ் கிற்றாரின் கதை இன்னும் சுவாரசியம். 1988 அல்பத்தில் அது கேட்பதே அரிது. ஒலிக்கலவையில் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். பல இடங்களில் அது கிற்றார் வாசித்ததையே வாசித்தது இன்னொன்று. உட்செவியின் நத்தைச் சுருளில் ஒவ்வொரு மீடிறனுக்கும் ஓரிடம் உண்டு. இரண்டு ஒலிகள் ஒரே இடத்தில் போட்டியிட்டால் பெரியது சின்னதை மறைத்துவிடும். 1991இல் தயாரிப்பாளர் பொப் றொக் வந்த பிறகு பேஸுக்குத் தனி இடம் கிடைத்தது. அடிப்பக்கம் நிரம்பியது. பெரியம்மா சொன்ன 'தகரம்' அந்த அடிப்பக்கம் இல்லாத ஒலிதான் என்று நினைக்கிறேன்.

பிறகு, திரும்பத் திரும்ப வருவது. 1988 அல்பத்தின் தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட 10 நிமிடம், திருப்பத்துக்கு மேல் திருப்பம். கறுப்பு அல்பத்தின் முதற்பாட்டு ஐந்தரை நிமிடம், ஏறக்குறைய ஒரே கிற்றார் வரியின் மேல் நிற்கிறது. கிற்றார்காரர் கேர்க் ஹமெற் அந்த வரியைக் கொண்டுவந்தபோது, முதற்பகுதியைத் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னவர் டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்றிக். பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பதை 1968இல் உளவியலாளர் றொபேட் சயன்ஸ் பரிசோதனைகளில் காட்டினார். அடுத்து வருவதை மூளை ஊகித்து, ஊகம் பலிக்கும்போது ஒரு நிறைவு. பல்லவி செய்யும் வேலையும் அதுவே.

குரலும் மாறியது. கூச்சலில் ஒலியின் சத்தம் விநாடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்கும். மூளையின் அச்சப் பகுதியை அந்த அதிர்வு தட்டியெழுப்புகிறது என்று 2015இல் ஒரு ஆய்வு காட்டியது. 1991இல் பாடகர் ஜேம்ஸ் ஹெற்ஃபீல்ட் கத்துவதைக் குறைத்துப் பாடத் தொடங்கினார்.

ஆனால் அண்ணைக்கு நான் இப்போது சொல்ல விரும்புவது வேறு. அந்த அல்பத்தில் ஒரு பாட்டுக்காகக் கிற்றாரை ஒரு முழுச்சுரம் இறக்கிக் கட்டினார்கள். தடித்த தந்தி 82 ஹேர்ட்ஸிலிருந்து 73க்கு வந்தது. எங்கள் பிளேயரின் சின்ன ஸ்பீக்கரால் அந்த 73ஐ உருப்படியாக எழுப்பவே முடியாது. அது எழுப்பியது 147, 220, 294 என்ற மேற்றொனிகளை. அவற்றின் ஒழுங்கைப் பார்த்து மூளை, இல்லாத அடிச்சுரத்தைத் தானே போட்டுக்கொள்ளும். விறாந்தையில் அன்று கேட்ட பாரம் ஸ்பீக்கரில் இருக்கவில்லை. அண்ணையின் தலைக்குள்ளும், சுற்றிக்கொண்டிருந்த என் தலைக்குள்ளும், குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த பெரியம்மாவின் தலைக்குள்ளும் அது தனித்தனியே உண்டாகிக்கொண்டிருந்தது.